ஐந்தாம் தொட்டியும் பூங்காவனத்தின் பெருவிரலும்

ஏழு கடல் தாண்டி ஏழு மலை தாண்டிப் போகிற கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். இது ஏழு தொட்டி தாண்டுகிற கதை. கோரைமேடு தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், தகரக் கூரை போட்ட நீளமான ஷெட்டுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக ஏழு தொட்டிகள் இருந்தன. முதல் தொட்டியில் கொதிக்கிற காரம் இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், இரண்டாவதில் தண்ணீர், மூன்றாவதில் ஆசிட் துருவைத் தின்னும், நான்காவதில் மறுபடி தண்ணீர், ஐந்தாவதில் பாஸ்பேட் கரைசல் இரும்பின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தோலைப் போர்த்தும், ஆறாவதில் மறுபடியும் தண்ணீர், ஏழாவது தொட்டி அந்தத் தோலில் விட்டுப்போன கண்ணுக்குத் தெரியாத துவாரங்களையெல்லாம் அடைக்கும். ஏழையும் தாண்டி வந்த தகட்டைத் துரு தொடாது, அதன் மேல் அடித்த பெயின்ட் உரியாது. தாண்டி வருவதற்குள் அந்தத் தகடு படுகிற பாட்டை எந்தக் கதையிலும் எந்த ராஜகுமாரனும் பட்டிருக்க மாட்டான்.

ஐந்தாம் தொட்டிக்குப் பத்தொன்பது வருஷமாகப் பூங்காவனம்தான் பொறுப்பு. தகடுகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி, கொக்கிகளைச் சட்டத்தில் தொங்கவிட்டு, சங்கிலியை இழுத்துச் சட்டத்தைத் தொட்டிக்குள் இறக்கி, சரியாக ஐந்து நிமிஷம் வைத்துத் தூக்க வேண்டும். குறைந்தால் தோல் பிடிக்காது, கூடினால் தடித்து உதிரும். நேரம் பார்க்கக் கடிகாரம் கிடையாது. ஊரில் உள்ள இரும்புக்கெல்லாம் காப்புப் போடுகிற அந்த ஷெட்டில் அதன் சொந்தக் கூரையும் ஆணியும் ஆசிட் ஆவியில் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தன, மாட்டிய கடிகாரமெல்லாம் மூன்றாம் மாதமே முள்ளைக் கீழே போட்டது. அதனால் பூங்காவனம் தான் குடியிருக்கிற கால்வாய்க்கரையை வைத்து நேரம் கணக்கிட்டாள். அங்கே அவளுடையதோடு சேர்த்து அறுபத்திரண்டு குடிசை. பாலத்தடி மல்லிகா வீடு, பேண்டு வாசிக்கிற டேனியல் வீடு, இட்லிக்கடை சுலோச்சனா வீடு, பழைய பேப்பர் மும்தாஜ் வீடு, கண்ணு தெரியாத வேதாசலம் வீடு என்று முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் பெயர் சொல்லி, திரும்பக் கடைசியிலிருந்து முதல் வரை சொல்லி முடித்தால் ஐந்து நிமிஷம். யாராவது செத்துப்போனாலும் பெயரை எடுக்க மாட்டாள், எடுத்தால் நேரம் குறைந்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன் செத்த வேதாசலம் அந்த வகையில் ஐந்தாம் தொட்டியில் இன்னும் உயிரோடு இருந்தார்.

கையுறை கொடுக்காமல் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை கொடுத்தார்கள், அது இரண்டாம் வாரமே விரல் நுனியில் ஓட்டை போட்டது. ஓட்டைக்குள் போன கரைசல் வெளியே வராமல் உள்ளேயே நின்று கையை வேகவைக்கும் என்பதால், பதினொரு பெண்களும் அதைக் கழற்றிக் கம்பியில் காயப்போட்டுவிட்டு வெறுங்கையால் மாட்டினார்கள். அப்படித்தான் பூங்காவனத்தின் பத்து விரலிலும் இருந்த ரேகைகள் காரத்துக்குக் கொஞ்சம், ஆசிட்டுக்குக் கொஞ்சம், பாஸ்பேட்டுக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரிந்து போய்ச் சேர்ந்தன. அவள் விரல் எவர்சில்வர் தட்டின் முதுகு மாதிரி வழவழவென்று ஆனது. அது தனக்கு ஒரு நஷ்டம் என்று அவளுக்குப் புரட்டாசி மாதம் வரைக்கும் தெரியாது.

புரட்டாசியில் கால்வாய்க்கரையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அறுபத்திரண்டு குடும்பத்துக்கும் ஆறு மாடி அடுக்கு வீட்டில் ஆளுக்கொரு வீடு, வீட்டுப் பெண்கள் பேரில். முகாமில் போய் மெஷினில் விரலை வைக்க வேண்டும். முன்னே எப்போதோ எடுத்து வைத்த ரேகையோடு அது ஒத்துப்போய்ப் பச்சை விளக்கு எரிந்தால் சாவி, சிவப்பு எரிந்தால் அடுத்த முகாம், அங்கேயும் சிவப்பு என்றால் பட்டியலில் இருந்து பெயர் போகும். விரலுக்குப் பதில் கண்ணைப் பார்க்கிற மெஷின் ஒன்று உண்டாம், அது கோரைமேட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லையாம். முதல் முகாமில் அறுபத்தோரு பேருக்குப் பச்சை எரிந்தது. பூங்காவனத்துக்குப் பத்து விரலுக்கும் பத்துத் தடவை சிவப்பு.

“இன்னாமே, மெஷினு நீ ஆளே இல்லங்குது,” என்றான் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிற அவள் புருஷன் ஏகாம்பரம். “அப்ப நேத்து என்ன அந்தத் திட்டு திட்டுனது யாரு?”

அவள் சிரிக்கவில்லை. குடிசையை இடிக்கிற நாள் குறித்தாகிவிட்டது. இரண்டாவது முகாம் ஐப்பசி கடைசி வியாழக்கிழமை, அதற்கு இருபது நாள் இருந்தது. இந்த இருபது நாளில் இரண்டு விரலையாவது முளைக்க வைத்துவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். தேங்காய் எண்ணெய் தடவினாள், அரிசி களைந்த தண்ணீரில் ஊறவைத்தாள், உப்புத்தாளில் தேய்த்தாள். பேட்டை வாசலில் உட்கார்ந்திருக்கும் கைரேகை ஜோசியர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எழுதாத சிலேட்டுல நான் இன்னாத்தம்மா படிக்கிறது?” என்று கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் அது நடந்தது. கதவுக் கீல்களுக்கான தகடு நாலாயிரத்து இருநூறு, ஏழு தொட்டியும் தாண்டி, அடுப்பில் காய்ந்து, எண்ணும் மேஜைக்கு வந்தபோது, ஒவ்வொரு தகட்டிலும் வலது மூலையில் ஒரே அளவில் ஒரே சாய்வில் ஒரு பெருவிரல் ரேகை துருநிறத்தில் எழுந்து நின்றது. சாம்பல் தோலுக்கு மேலே, சுழி சுழியாக, கோலம் போட்ட மாதிரி அத்தனை தெளிவாக.

தரம் பார்க்கிற ஜெபமணி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். வெறுங்கை பட்ட வேர்வையில் துரு வருவது அந்தத் தொழிலில் புதிதில்லை. ஆகவே அவர் அதிசயப்படவில்லை, கோபப்பட்டார். எல்லோரையும் இரட்டைக் கையுறை போடச் சொன்னார். இரட்டைக் கையுறையோடு மாட்டிய தகட்டிலும் ரேகை வந்தது. இடுக்கியால் பிடித்து மாட்டிய தகட்டிலும் வந்தது. பூங்காவனம் லீவு போட்ட அன்றைக்குக்கூட வந்தது.

முதலாளி சீதாபதி இது வேறு விவகாரம் என்று பூசாரியை அழைத்து வந்தார். பூசாரி ஒவ்வொரு தொட்டிக்கும் சூடம் சுற்றி, பதினோரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி ஐந்தாம் தொட்டியில் பிழிந்துவிட்டுப் போனார். மறுநாள் ஜெபமணி கரைசலைச் சோதித்தால் புளிப்பு எங்கேயோ ஏறிக் கிடந்தது, அன்றைக்கு இறக்கிய சட்டம் முழுக்கத் தோல் பிடிக்காமல் அம்மணமாக மேலே வந்தது, ஆனால் ரேகை மட்டும் முன்னைவிடப் பளிச்சென்று வந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததில் தொட்டியைக் காலி செய்து புதுக் கரைசல் ஊற்ற இரண்டு நாள் ஆனது.

ரேகையின் குறுக்கே கோணலாக ஒரு கோடு ஓடியதை முதலில் கவனித்தது பூங்காவனம்தான். பத்து வயதில் காரப்பொடி மீன் ஆயும்போது பெருவிரலில் வெட்டிய வெட்டு அது; தழும்பையும் தொட்டிகள் தின்றுவிட்டிருந்தன, அதை அவளே மறந்துவிட்டிருந்தாள். அவள் தன் வழவழப்பான பெருவிரலை அந்தக் கோட்டின் மேல் ஓட்டிப் பார்த்தாள். தொலைந்துபோன பிள்ளையைச் சந்தையில் வேறு யாரோ கைப்பிடித்து நடத்திப் போவதைப் பார்த்த மாதிரி அவளுக்கு இருந்தது.

“இது என் வெரலு,” என்றாள் ஜெபமணியிடம்.

ஜெபமணி ஆபீஸ் அலமாரியைக் குடைந்து, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் பெருவிரல் உருட்டிக் கொடுத்த காகிதத்தை எடுத்து வந்தார். ஊதா மை மங்கிப் பாதி பரவிக் கிடந்தது, ஆனால் கோணல் கோடு தெரிந்தது. தகட்டையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “உம்ம விரல்தான்க்கா,” என்றார். “தொட்டி இத்தனை வருஷமா வாங்கி வச்சிருந்ததைத் திருப்பித் தருதாக்கும். ஆனா கம்பெனி ரிஜெக்ட் பண்ணும், அது வேற கதை.”

விஷயம் பேட்டை முழுக்கப் பரவியதும் யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை, அவரவர் வேலைக்கு இது எப்படி உதவும் என்றுதான் பார்த்தார்கள். லேத்துப் பட்டறைக்காரர்கள் டீ குடிக்கிற இடைவேளையில் வந்து பார்த்து, சுழி வலப்பக்கமா இடப்பக்கமா என்று பந்தயம் கட்டினார்கள். கைரேகை ஜோசியர் தானாகவே உள்ளே வந்து, ஒரு தகட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, “சொந்த வீட்டு யோகம் இருக்கு, ஆனா தலகீழா இருக்கு,” என்று சொல்லிவிட்டுத் தட்சிணை வாங்காமல் போனார். மற்றப் பத்துப் பெண்களும் தங்கள் விரலும் என்றைக்காவது எழும் என்று ஒவ்வொரு சட்டத்தையும் ஆவலாகப் பார்த்தார்கள்; எழாதபோது, “அக்காவுக்குத்தான் குடுத்து வெச்சிருக்கு,” என்று பெருமூச்சு விட்டார்கள். ஏகாம்பரம் மட்டும் கொஞ்சம் மனத்தாங்கலாக இருந்தான். “இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லாம வெரல இங்க குடுத்துட்டு வந்துகினு இருந்திருக்கியே,” என்றான்.

பூங்காவனத்தின் மனசில் அன்றே ஒரு கணக்கு ஓடிவிட்டது. மெஷினுக்கு வேண்டியது ரேகை. ரேகை இதோ இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? முகாம் நாளில் ஒரு தகட்டைக் கொண்டுபோய் வைத்தால் தீர்ந்தது.

அது அவள் நினைத்த மாதிரி தீரவில்லை. துரு என்பது ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிற ஜாதியில்லை, அதுவும் ஐப்பசி மழையில். ஜெபமணியிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன முதல் தகட்டில் இரண்டாம் நாளே கோட்டுக்குக் கோடு துரு பரவி, ரேகை வெறும் செம்மண் திட்டாகிவிட்டது. இரண்டாவது தகட்டில் எண்ணெய் தடவிப் பார்த்தாள், எண்ணெயோடு சேர்ந்து ரேகையும் வழுக்கிக்கொண்டு போனது. இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றுவது எப்படி என்று பத்தொன்பது வருஷம் படித்தவள், துருவைத் துருவிலிருந்து காப்பாற்றுவது எப்படி என்று தெரியாமல் நின்றாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஆனாலும் அவள் விடுகிறவள் இல்லை.

அதற்குள் வாங்குகிற கம்பெனி அனுப்பிய ஆள் வந்து, நாலாயிரத்துச் சொச்சம் தகட்டையும் பார்த்து, அத்தனையும் கழிவு என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். சீதாபதி பூங்காவனத்தைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“ஏம்மா பூங்காவனம், அது உன் விரல்னு எல்லாரும் சொல்றாங்க. இருந்துட்டுப் போகட்டும். திங்கக்கிழமை எல்லாத் தகட்டையும் மூணாம் தொட்டியில போட்டு அந்தப் பூச்சை ஆசிட்டுல கரைச்சுட்டு, மறுபடி முதல்லேருந்து பூச்சு போடணும். நீயே உன் கையால இறக்கு. மத்தவங்க பயப்படறாங்க.”

“இறக்குறேன் சார்,” என்றாள் அவள். “ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குக் குடுத்துடுங்க.”

“எண்ணி வாங்கிட்டு வந்த இரும்பும்மா. ஒண்ணு குறைஞ்சாலும் கம்பெனிக்காரன் என்னைத்தான் கேப்பான். ஏற்கெனவே ரெண்டைக் காணோம்.”

திங்கட்கிழமை காலை அவள் இறக்கினாள். சட்டம் சட்டமாகத் தன் பெருவிரலைத் தானே ஆசிட்டில் இறக்கினாள். நுரை பொங்கி, ஒவ்வொரு ரேகையும் சிவப்பாகக் கசிந்து, கரைந்து, ஒன்றுமில்லாமல் போவதைப் பார்த்தபடி பாலத்தடி மல்லிகா வீடு, பேண்டு டேனியல் வீடு என்று சொல்லிக்கொண்டே நின்றாள். ஆசிட் தொட்டிக்குப் பெயர் சொல்லி நேரம் பார்க்கிற வழக்கம் கிடையாது. அன்றைக்கு அவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அழுகை வந்தது, அழுதாள், அழுதுகொண்டே சங்கிலியை இழுத்தாள்.

கடைசிச் சட்டத்தில் கடைசிக் கொக்கியை மாட்டப் போனபோது ஜெபமணி வந்து பக்கத்தில் நின்றார். கொக்கியிலிருந்து தகட்டைத் தானே எடுத்து அவள் மதிய சாப்பாட்டுப் பைக்குள் போட்டார். பிறகு நோட்டைத் திறந்து, தொட்டிக்குள் விழுந்து எடுக்க முடியாமல் போனது ஒன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். அவருடைய இருபத்தாறு வருஷ வேலையில் நோட்டில் எழுதிய முதல் பொய் அது.

“வியாழக்கிழமை திருப்பிக் கொண்டாந்துரணும்,” என்றார். “எண்ணிக்கை குறைஞ்சா எனக்கு ராத்திரி சோறு எறங்காது பாத்துக்கிடுங்க.”

அன்று மதியத்திலிருந்து எந்தத் தகட்டிலும் ரேகை எழவில்லை. வாங்கி வைத்திருந்ததையெல்லாம் தொட்டி கொடுத்து முடித்துவிட்டது போலிருந்தது. உலகத்திலேயே பூங்காவனத்தின் விரல் என்று மிச்சமிருந்தது அந்த ஒரு தகட்டின் மூலையில்தான், அதுவும் சாயங்காலத்துக்குள் ஓரத்தில் பரவத் தொடங்கியிருந்தது. வியாழனுக்கு இன்னும் மூன்று நாள்.

வீட்டுக்கு வந்து தகட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அடுப்பு மூட்டினாள். மனசு எங்கே கிடந்தாலும் குழம்பு வைத்தாக வேண்டும். அருவாமணையை இழுத்துப்போட்டு வாழைக்காய் நறுக்கினாள். மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்த அருவாமணையின் அலகில் புள்ளி புள்ளியாகத் துரு. நறுக்கி முடித்துக் கழுவும்போது பார்த்தாள்: வாழைக்காய்ப் பால் பட்ட இடத்திலெல்லாம் சிவப்புத் துரு மைக் கறுப்பாக மாறியிருந்தது. தேய்த்தாள், போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், அப்போதும் போகவில்லை. இத்தனை வருஷமும் சனியன் பிடித்த கறை என்று திட்டித் திட்டித் தேய்த்த அதே கறை.

அவள் அப்படியே எழுந்துபோய், வாழைக்காய்த் தோலின் உள்பக்கத்தைத் தகட்டில் ரேகை மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். எடுத்தபோது ரேகை கறுத்திருந்தது. காலையில் பார்த்தாள், ஒரு கோடுகூட நகரவில்லை. செவ்வாயும் நகரவில்லை, புதனும் நகரவில்லை, புதன் ராத்திரி கரையோரக் குடிசைகளில் முழங்கால் தண்ணீர் ஏறியபோதும் நகரவில்லை. ஏழு தொட்டியும் சொல்லித்தராத எட்டாம் தொட்டி தன் அடுப்படியில் இருந்ததை நினைத்து அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை முகாம், புது அடுக்கு வீட்டின் கீழேயே, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு நடந்தது. கால்வாய்க்கரையே அங்கு இருந்தது. முதல் முகாமில் பச்சை எரிந்த மற்றவர்களுக்குச் சாவி கொடுப்பதும் அன்றைக்குத்தான். ஏகாம்பரம் மீன்பாடி வண்டியில் சட்டி பானையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். “சாவி வாங்காம ஏன்யா ஏத்துன?” என்று அவள் கேட்டதற்கு, “எறக்குறதுக்குத்தான்,” என்றான். ஜெபமணி அரை நாள் லீவு போட்டு, தன் எண்ணிக்கையில் சேர வேண்டிய தகட்டுக்குக் காவலாக வந்து நின்றார்.

முகாம் அதிகாரி தலைவலிக்கு நெற்றியில் தைலம் தடவிய நல்ல மனிதர். பூங்காவனம் துணியைப் பிரித்துத் தகட்டை மேஜையில் வைத்ததும், அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“என் வெரலு சார்.”

கரைக்காரர்கள் பந்தலுக்குள் தலையை நீட்டி, ஆமாம் சார், அது அவங்க விரல்தான் சார், எல்லாருக்கும் தெரியும் சார் என்றார்கள். அதிகாரி இதற்கும் ஆச்சரியப்படவில்லை. முகாம்களில் அவர் எவ்வளவோ பார்த்தவர். “வெச்சுப் பாருங்க,” என்றார். பூங்காவனம் தகட்டைக் கவிழ்த்து மெஷினின் கண்ணாடி மேல் வைத்தாள். மெஷின் யோசித்தது. சிவப்பு எரிந்தது. மறுபடி வைத்தாள், மறுபடியும் சிவப்பு.

ஜெபமணிதான் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“அந்த ஜோசியக்காரன் சொன்னது சரிதான்க்கா. இது திரும்பி இருக்கு. ரப்பர் ஸ்டாம்புல எழுத்து திரும்பி இருக்கும்லா, அது மாதிரி. விரல்ல இடப்பக்கம் இருந்தது அச்சுல வலப்பக்கமாப் போச்சு. மெஷினுக்கு நேரா உள்ள விரலு வேணும்.”

“தகடெல்லாம் கணக்குல வராதும்மா,” என்றார் அதிகாரி, கொஞ்சம் வருத்தத்தோடுதான். “உயிரோட இருக்கிற விரலை வெக்கணும். அடுத்தவங்க நிக்கறாங்க. வேற வழி இருந்தா சொல்லுங்க, அஞ்சு நிமிஷம் தரேன். அதுக்கு மேல என்னால முடியாது.”

அஞ்சு நிமிஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் பூங்காவனம் நிமிர்ந்தாள். ஐந்து நிமிஷம் என்றால் என்ன என்று அந்தப் பந்தலில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. பைக்குள் கையை விட்டு, ரேகைக்குத் தடவ வைத்திருந்த பாதி வாழைக்காயை எடுத்தாள். பல்லால் தோலை உரித்து, பால் சொட்டச் சொட்ட ரேகை மேல் தேய்த்தாள். கறுப்பு ஈரமாகி மினுங்கியது. தன் வழவழப்பான வலது பெருவிரலைப் புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்து, கோணல் கோடு எங்கே இருந்ததோ அந்த இடம் பார்த்து, பத்தொன்பது வருஷத்துக்கு முன் அது எப்படி இருந்ததோ அப்படியே, தகட்டின் மேல் அழுத்தி வைத்தாள். பிறகு கண்ணை மூடிச் சொல்ல ஆரம்பித்தாள்.

“பாலத்தடி மல்லிகா வூடு.”

“தோ இருக்கேன்,” என்றாள் வரிசையில் நின்ற மல்லிகா, என்னவென்று புரியாமலேயே.

“பேண்டு டேனியலு வூடு.”

“இருக்கேன் அக்கா.”

இட்லிக்கடை சுலோச்சனா இருந்தாள். பழைய பேப்பர் மும்தாஜ் இருந்தாள். மூன்றாவது நான்காவது பெயரிலேயே கூட்டத்துக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவள் பெயர் சொல்லச் சொல்ல, பந்தலுக்குள்ளிருந்தும் வெளியிலிருந்தும், தண்ணீர்க் குழாயடியிலிருந்தும், முதல் மாடிக்கு ஏற்கெனவே ஏறிவிட்டவர்களின் சன்னலிலிருந்தும் இருக்கேன், இருக்கேன் என்று குரல் வந்தது, ஒன்றுகூட முந்தவில்லை, ஒன்றுகூடப் பிந்தவில்லை, ஐந்தாம் தொட்டிக் கரைசல் போல எல்லாம் ஒரே சூட்டில் வந்தது.

“கண்ணு தெரியாத வேதாசலம் வூடு,” என்றாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து வேதாசலத்தின் மனைவி, “அவரும் இருக்காரும்மா, நீ மேல சொல்லு,” என்றாள்.

மேலே சொன்னாள். கடைசி வரை போய்த் திரும்பி வந்தாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். அறுபத்தோரு வீடும் இரண்டாம் முறை சொல்லி முடித்து, எப்போதும் கடைசியாகச் சொல்கிற பெயரைச் சொன்னாள்.

“பூங்காவனம் வூடு.”

“இருக்கு,” என்று வண்டியிலிருந்து கத்தினான் ஏகாம்பரம்.

அவள் விரலைத் தூக்கினாள். பெருவிரல் நுனியில், சுழி சுழியாக, குறுக்கே கோணல் கோட்டோடு, கறுப்பாக அவளுடைய ரேகை ஏறியிருந்தது. வாழைக்காய்க் கறை பட்டால் எத்தனை நாளானாலும் போகாது என்று அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அவள் அந்த விரலைக் கண்ணாடியின் மேல் வைத்தாள். மெஷின் யோசித்தது, வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டது, பிறகு பச்சை எரிந்தது.

அதிகாரி ஒன்றும் கேட்காமல் பதிவு செய்து, மூன்றாம் மாடி ஏழாம் எண் சாவியை எடுத்துக் கொடுத்தார். கூட்டம் கைதட்டவில்லை, அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு படியேறத் தொடங்கியது, ஏகாம்பரம் அம்மிக்கல்லை யார் தூக்குவது என்று டேனியலோடு வாதாடிக்கொண்டிருந்தான். பூங்காவனத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதை இடது கையால் துடைத்தாள். வலது கையை எதன் மேலும் படாமல் தூக்கியே வைத்திருந்தாள்.

மேஜையில் கிடந்த தகட்டை ஜெபமணி எடுத்துத் துடைத்தார். மூலையில் கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை, சாம்பல் தோல் ஒரே சீராக இருந்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பழக்க தோஷத்தில், “பாஸ்,” என்று சொல்லிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில வந்துருவீயள்லா? புதுக் கரைசல், மொத சட்டம் நீங்கதான் இறக்கணும்,” என்றார்.

“வரேன்,” என்றாள் பூங்காவனம். “ஆனா மொதலாளிகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. எங்க பதினோரு பேருக்கும் ஓட்டையில்லாத கையொற வந்தாத்தான் சங்கிலியத் தொடுவோம். வாராவாரம் புதுசு வரணும். இந்த வெரலு இனிமே எனக்கு வேணும்.”

சாவியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது பெருவிரலை உயர்த்தியபடியே அவள் மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.